வால்வு சூடாகும்வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இன்று காலை முதல் வேலையாக, எங்கள் ஹோட்டல் சலவை அறையில் இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கும் பழைய மரப்பெட்டியைத் துடைத்தேன். வேண்டாத சாமான்களோடு அதையும் அள்ளிப்போக வண்டி வருவதாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். அது கிட்டார் ஆம்ப்ளிஃபயர்!

ஹோட்டல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை.

"செத்துப்போச்சு மேடம். வண்டியில ஏத்திருவோம்."

"அணைக்காதீங்க அண்ணே. அது சூடாகணும்."

செய்திக்கு முன்பே நீங்கள் வால்வு ரேடியோவைப் போட்டுவைப்பீர்களே, அந்த ஞாபகம்தான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. அவர் கிட்டாரை இணைக்கும் ஒயரின் நுனியை விரலால் தொட்டார். அறையே அதிரப் பெட்டி உறுமியது. பயப்படாதீர்கள், யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இனிமே இஸ்திரிப் பெட்டிய உங்க தலையில வைக்கவா?" என்று சலவைக்கார அக்கா அவரைக் கேட்டாள். சிரித்து வயிறு வலித்தது.

மேனேஜர் அதை எனக்கே கொடுத்துவிட்டார். மத்தியானம் முழுக்க என் அறையில் சும்மா போட்டுவைத்தேன். அந்த மெல்லிய இரைச்சல், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல இருந்தது.

பரணில் இருக்கும் என் கல்லூரி கிட்டாரை, அடுத்த வாரம் இங்கே வரும் சித்தி மகனிடம் கொடுத்தனுப்புங்கள். தந்தி இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும், இன்னும் யாரிடமும் சொல்லாதது: ஹோட்டல் ஆண்டு விழா மேடையில் நான் வாசிக்கப்போகிறேன்.

உங்கள் மகள்