புத்தலப்பட்டு சாலையில் நான் பதில் சொல்லவில்லை

என் அன்பு வசந்தாவுக்கு,

"ஒரே ஒரு தடவ சொல்லும்மா, யார் மேலயும் வண்டிய ஏத்தலதானே?" என்று நம் மகள் கலா உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? ஸ்கூட்டரில் பின்னால் இருந்த நீ திரும்பிப் பார்த்து, "யாரும் இல்லடி, போ" என்றாய். சாலையில் சின்னப் பள்ளம், அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அதே கேள்வி. நீ காலமானதும் அந்தப் பின்சீட்டு எனக்கு வந்தது. பதிலும் நானே சொல்லி வந்தேன்.

ஓ.சி.டி. என்ற பெயர் உனக்கே தெரியும், ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து அவளைச் சரிபார்க்கச் சொல்லும் நோய். மாத்திரையும் பயிற்சியும் போதவில்லை. சென்னையில் அவள் மூளைக்குள் மெல்லிய கம்பிகள் வைத்திருக்கிறார்கள், வசந்தா. நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி.

அந்தக் கம்பி மின்சாரம் கொடுப்பதோடு, மூளையின் சைகைகளைப் பதிவும் செய்யுமாம். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டுவதுபோல, பயம் ஏறுவதைக் காட்டும் அடையாளம் ஒன்றைத் தேடுகிறார்கள். ரேணிகுண்டா ஜங்ஷன் இரைச்சலில் நம் ரயிலின் அறிவிப்பை மட்டும் காது பிடிக்குமே, அப்படி. கிடைத்தால் மின்சாரத்தை அதற்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். கிடைக்காமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

அந்த அடையாளத்தைப் பிடிக்க, பயம் வர வேண்டும். "அவங்க கேட்டா நீங்க பதில் சொல்லக்கூடாது சார்" என்றார்.

நேற்று டாக்டரின் அனுமதியோடு சித்தூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். புத்தலப்பட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம். வண்டியை ஓரம்கட்டினாள்.

"நைனா, ஏத்திட்டனா?"

நான் பேசவில்லை.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா? பாத்துக்கினுதானே வந்த, சொல்லு!"

பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஏமைந்தி சார்?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டவருக்குக்கூட வாய் திறக்கப் பயந்தேன்.

"அம்மா இருந்தா சொல்லியிருக்கும்" என்றாள். பயம் வந்த நேரத்தைப் பதிவில் குறிக்க டாக்டர் கொடுத்திருந்த பொத்தானை அழுதுகொண்டே அழுத்தினாள். பள்ளத்தைப் போய்ப் பார்க்க வண்டியைத் திருப்பப் போனவள், நின்றுவிட்டாள். மெல்ல மூச்சு சீரானது. பயம் இறங்கியதா, என்னிடம் மறைத்தாளா? அன்பென்று நினைத்து நாம் சொன்ன பதில்தான் அந்த நோய்க்குச் சோறு போட்டதா?

நாளை மறுபடியும் போகிறோம். என்ன திட்டினாலும் பதில் சொல்லமாட்டேன், அவளை விட்டு நகரவும் மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

உனக்கு எழுதும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் கூடவே போய், "நான் எதைச் செய்யாமல் இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள்.

உன் கணவன்,
கலாவின் நைனா