பயத்துக்கு இரண்டு உருபுகள்

ஜனவரி 26, திங்கள்

வேன் கிளம்பும் சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தேன். என் கணவன் ஜோம்போர் ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மலைமேல் அந்த ஓட்டலில் பனிச்சறுக்குக் கூட்டம் குறைகிறவரை சமையற்காரர்களுக்கு லீவு கிடையாது. இனி இரண்டு வாரம் கழித்துத்தான் எங்கள் ஊர் ஷொப்ரொன் பக்கம் தலைகாட்டுவான். குழந்தை எமெஷெவுக்குப் பல் முளைக்கிறது போலிருக்கிறது. பகலெல்லாம் ஒரே சிணுங்கல்.

மாலையில் மார்மன் சபை ஊழியப் பெண்கள் வந்தார்கள். இரண்டாம் மாடி இலுஷ் பெரியம்மா அந்தச் சபைக்காரி. “நீ காலேஜ்ல ஹங்கேரியன் படிச்சவ. புள்ளைய வச்சுக்கிட்டு வீட்டுலதான் கெடக்க. அந்தப் பொண்ணுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடேன்” என்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டவள் அவள்தான். பெரியவள் லார்சன் நன்றாகவே பேசுகிறாள். சின்னவள் விட்லாக்தான் என் மாணவி. அமெரிக்காவில் இடாஹோ பக்கம் உருளைக்கிழங்கு விவசாயம் செய்கிற குடும்பம், இருபது வயது, போன இலையுதிர்காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். சட்டையில் ‘சிஸ்டர் விட்லாக்’ என்று பெயர் குத்தியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுக் கிழவர் படிக்கட்டிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டு, “சிஸ்டர், பிரஷர் பாத்துட்டுப் போங்க” என்றாராம். அவளும் புரியாமல் கையைக் குலுக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

நீ, நீங்கள் மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை. இலுஷ் பெரியம்மாவிடம் “நீ உக்காரு” என்கிறாள். எமெஷெவின் கட்டிலருகே குனிந்து, “நீங்க பால் குடிச்சீங்களா?” என்று கேட்கிறாள். வெகு நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

அவர்கள் போனதும் வீடு மறுபடியும் அந்த மாதிரி ஆகிவிட்டது.

ஜனவரி 27, செவ்வாய்

எமெஷெ அழுதாள். நான் உள்ளே போக நேரமாயிற்று.

ஜனவரி 28, புதன்

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

மத்தியானமே வந்துவிட்டார்கள். லார்சன் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கொடுக்கிறேன் என்று நின்றாள், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. நானும் விட்லாக்கும் மேசையில் வேற்றுமை உருபுகள் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளறையில் எமெஷெ வீறிட்டாள். எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு எப்படியோ போய்த் தூக்கிக்கொண்டு வந்து, “கொஞ்சம் பிடிங்க” என்று விட்லாக்கிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தாள். ஊழியத்தில் இருக்கும்வரை குழந்தைகளைத் தூக்கக் கூடாதாம். விதியாம். அவள் முகம் சிவந்துபோயிற்று.

“மன்னிக்கணும். எனக்கு ஆசை. ஆனா எனக்கு விதி.”

“பரவாயில்லை” என்றேன். “நீங்க விதியால தொட மாட்டேங்கறீங்க. நான் பயத்தால.”

“பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? அதுக்குப் பயமா?” என்று கேட்டாள்.

அங்கேதான் வாத்தியார் புத்தி வந்தது. வேர் ஒன்றுதான், ‘ஃபேல்’, பயம். ‘ஃபேல்தெம்’ என்றால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். எல்லாத் தாய்க்கும் உள்ளது. ‘ஃபேலெக் தோலெ’ என்றால் குழந்தையிடமே பயம். நாயிடம் பயப்படுகிற மாதிரி. தாளில் இரண்டையும் எழுதி, எது என்னுடையது என்று விரலை வைத்துக் காட்டினேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. எமெஷெ அழும்போது நடைவழியில் நின்று காதைப் பொத்திக்கொள்வது, அவள் என்னை உற்றுப் பார்க்கும்போது இவளுக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றுவது, அவளோடு தனியாக இருக்கும்போது என் கையை நானே நம்பாதது. எல்லாம் வேகமாக, புத்தகத்து ஹங்கேரியனில் அல்ல, நான் வீட்டில் பேசுகிற மாதிரியே கொட்டினேன். விட்லாக்குக்குப் பாதிகூடப் புரியாது என்றுதான் சொன்னேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதுபோல.

போகுமுன் ஜெபம் செய்யலாமா என்று கேட்டாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“இது நமக்குள்ள” என்றேன். “நமக்குள்ள” என்று அவளும் சொன்னாள். உருபு சரியாக இருந்தது.

ஜனவரி 29, வியாழன்

தூங்கினேன்! எமெஷெவும் தூங்கினாள். கீரைக் கூட்டு வைத்து முட்டை பொரித்து உட்கார்ந்து சாப்பிட்டேன். வாய்விட்டுச் சொன்னால் பாதி போகும் என்பார்களே, அதுதானா இது? புரியாத காதில் சொன்னாலும் போகுமா?

ஜோம்போரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். “என்ன விசேஷம்?” என்றான். “ஒண்ணுமில்ல, பல்லு வருது” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

இலுஷ் பெரியம்மா கார்னிவல் பண்டிகைக்குச் சுட்ட ஃபாங்க் பணியாரம் கொண்டுவந்தாள், பாதாமி ஜாம் நிரம்பி வழிகிறது. “ஞாயித்துக்கிழமை சபைக்கு வா. உன் சிஷ்யப்புள்ள மொதத் தடவையா பேப்பர் இல்லாம சாட்சி சொல்லப் போறா. நீதான் தயார் பண்ணின, நீ இல்லாட்டி எப்படி?”

போகலாம் என்றுதான் இருக்கிறேன். பெருமையாகக்கூட இருக்கிறது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த கூடம். இருபது பேர் இருப்பார்கள். இன்று அவர்களுக்கு உபவாச ஞாயிறு, யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். எமெஷெவைத் தள்ளுவண்டியோடு கடைசி வரிசையில் வைத்துக்கொண்டேன். விட்லாக் முன்னால் போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன் – சிரித்தேனே!

“எனக்கு இந்த ஊரில் ஒரு தோழி இருக்கிறார்” என்று ஆரம்பித்தாள். “அவர் எனக்கு இரண்டு சொல் கற்றுக்கொடுத்தார். குழந்தைக்காகப் பயப்படுவது ஒன்று. குழந்தையிடமே பயப்படுவது வேறொன்று. என் தோழிக்கு இருப்பது இரண்டாவது. கதவுக்கு வெளியே நின்று காதைப் பொத்திக்கொள்கிறார். தன் கைகளையே அவர் நம்புவதில்லை. நாங்கள் சேர்ந்து ஜெபித்தோம். அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நம்புகிறேன். அதனால் தேவன் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.”

ஒரு தப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை! அவள் வாயில் பிழையில்லாத ஹங்கேரியன் வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் என் வாக்கியங்கள். நான் பிரித்துக் காட்டின அதே இடத்தில் பிரித்தாள்.

கிணறு என்று நினைத்தேனே, கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

முடிந்ததும் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். “என்னம்மா, எங்க ஊருப் பொண்ணாவே ஆயிட்ட!” என்றார் ஒருவர். பேர் சொல்லவில்லைதான். பேர் எதற்கு? அவளுக்கு யார் வீட்டில் பாடம் என்று யாருக்குத் தெரியாது? இலுஷ் பெரியம்மா திரும்பி முதலில் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

கோட்டு பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். சகதியும் பனியும். சக்கரம் சிக்கிக்கொண்டது.

என்ன ஜென்மம்டீ நீ. நமக்குள்ளன்னு சொன்னியே. என் வாயிலேருந்து புடுங்கி உன் சாமிக்கு மாலை கட்டிப் போட்டியே.

பிப்ரவரி 2, திங்கள்

காலையிலேயே இலுஷ் பெரியம்மா. உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தாள்.

“ஏண்டி மகளே, அது நீதானே?”

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“எனக்கும் மூணு பெத்த வயிறுதான். உன்னைக் குத்தம் சொல்ல வரல. ஆனா குழந்தைநல நர்ஸ் கிங்கா காதுல ஒரு வார்த்தை போட்டுத்தான் ஆகணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் சும்மா இருந்தியாடின்னு ஊரு என்னைத்தான் கேக்கும்.”

கிங்காவின் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நோட்டம் விடுவார்கள். மேலிடத்துக்குச் சொல்வார்கள். ‘தாயிடம் பாதுகாப்பு இல்லை’ என்று ஒரு வரி. பிறகு எமெஷெ யாரிடம்?

அப்போதுதான் வாயில் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. “பெரியம்மா, அந்தப் பொண்ணு உருபை மாத்திட்டா. குழந்தைக்காகப் பயம்னு நான் சொன்னேன். அவ குழந்தையிடம் பயம்னு புரிஞ்சுக்கிட்டா.”

பெரியம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது! தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். “கர்த்தாவே! நான் ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தேன். இருக்கும், இருக்கும்! போன வாரம் என் சூப்பைக் குடிச்சிட்டு, நான் நல்லா வெந்திருக்கேன்னா!”

காதைப் பொத்துவது? கைகளை நம்பாதது? பெரியம்மா கேட்கவில்லை. நம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு உருபு போதும்.

சாயங்காலம் பெண்கள் வந்தபோது பெரியம்மாவும் கூடவே ஏறி வந்துவிட்டாள். “வாடி அம்மா, ஒரு எழுத்தை மாத்திப் போட்டு ஒரு தாயைப் பேயாக்கிட்டியே!” என்று செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளினாள். விட்லாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. லார்சன்தான் மெதுவாக எடுத்துச் சொன்னாள். விட்லாக் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. மறுத்துப் பார், சரியாகத்தான் சொன்னேன் என்று சொல்லிப் பார்.

“நான் சொன்னது தப்பு” என்றாள்.

பெரியம்மா, “போகட்டும், படிக்கற புள்ள” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். அவள் காதில் விழுந்தது ஒன்று, என் காதில் விழுந்தது வேறு. என்னிடம்தான் விட்லாக் மன்னிப்புக் கேட்டாள். ஹங்கேரியன் எனக்குத் தெரியாதா?

வாசலில் ஷூ மாட்டும்போது, “நான் பேர் சொல்லலை. உங்க வலி யாருக்காவது உதவும்னு நினைச்சேன்” என்றாள்.

“உங்களுக்கு நான் உதாரண வாக்கியமா?”

“உங்களை எனக்குப் பிடிக்கும். அதனாலதான்...”

“பாடம் முடிஞ்சுது சிஸ்டர்” என்று கதவைச் சாத்தினேன். படிக்கட்டில் அவள் அழுவது கேட்டது. கேட்கட்டும் என்று நின்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தப்பித்துவிட்டேன். இனி எல்லோருக்கும் நான் குழந்தைக்காகப் பயப்படுகிற நல்ல தாய். யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆளையும் பொய்க்காரி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எமெஷெ அழுதபோது இன்றைக்கு நடைவழியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்தபடியே ஜோம்போரைக் கூப்பிட்டேன். அடுப்படிச் சத்தம். “ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, அப்புறம் பேசவா?” என்றான். “இல்ல. இப்பவே” என்றேன். உருபை மாற்றாமல், சபையில் நடந்தது உட்பட எல்லாம் சொன்னேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. வெளியே வந்திருப்பான் போல, காற்று இரைந்தது.

“அந்த அமெரிக்காக்காரிகிட்ட சொல்லியிருக்க. ஊரே கேட்டிருக்கு. நான் கடைசியா?”

“ஆமா.”

“நான் யாருடி உனக்கு?” என்றான். குரல் உடைந்திருந்தது. பிறகு, “போனை வைக்காத. கதவைத் திறந்து உள்ள போ. நான் லைன்லயே இருக்கேன்” என்றான்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஜோம்போர் புதன்கிழமையே வந்துவிட்டான். ஓட்டலில் என்ன சொன்னான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் நாள் முழுக்க என்னோடு பேசாமல் எமெஷெவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். கோபம்தான். அவனுக்கும் உரிமை இருக்கிறது.

நேற்று கிங்காவை நானே வரவழைத்தேன். சொல்லச் சொல்ல அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். “இதுக்கு டாக்டர் இருக்காங்க. திங்கக்கிழமைக்கு நேரம் வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் தனியா இருக்காதீங்க. குழந்தையை யாரும் கொண்டுபோகப் போறதில்ல” என்றாள். கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

இலுஷ் பெரியம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண் சரியாகத்தான் பேசினாள் என்று. பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அவளைப் பேச் ஊருக்கு மாத்திட்டாங்க. முந்தாநாளே போயிட்டா” என்றாள். பேச் தெற்குக் கோடி. இங்கிருந்து ரயிலில் பாதி நாள்.

இன்று மாலை போன் வந்தது. ஜோம்போர் எடுத்தான். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, போனைக் கையால் மூடினான். “அந்தப் பொண்ணு. நீ எப்படி இருக்கன்னு கேக்குது. என்ன சுத்தமாப் பேசுது! பேசுறியா?”

நல்லதுதான் நடந்தது என்று எனக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் நடைவழியில்தான் நின்றிருப்பேன், அதுவும் தெரியும். ஆனாலும் அந்தக் கூடத்தில், அந்த வரிசையில், எல்லோர் முதுகுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தது நான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“அவ தூங்குறாம்மா” என்றான் அவன் போனில்.

உள்ளறையில் எமெஷெ அழ ஆரம்பித்தாள். ஜோம்போர் போனோடு பாதி எழுந்தான். “நீ பேசு, நான் போறேன்” என்றேன். அவன் உட்காரவில்லை. போனை அணைத்துவிட்டு என் பின்னாலேயே வந்து நடைவழியில் நின்றான், கதவைத் தொடவில்லை. நான்தான் திறந்தேன்.