மூன்று பேட்டைகளும் ஒரு கோட்டும்

ஐந்தாம் தேதி, ஞாயிறு

வாண்டின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் நின்றுவிட்டதா, இல்லை இன்னும் தையல் மெஷினுக்குப் போட்டியாகச் சத்தம் போடுகிறதா என்று எழுதவும்.

முதலில் நல்ல செய்தி. குடிவரவு அலுவலகத்திலிருந்து தபால் வந்துவிட்டது. உங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே வருஷத்தில் குடும்பத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நாலரை வருஷம் இழுத்தடித்தார்கள். நடுவில் ஊருக்குப் போனால் வரிசையில் உங்கள் இடம் போய்விடும் என்று பயமுறுத்தியே இங்கே கட்டிப்போட்டார்கள். கடைசியில் எல்லாம் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. படித்துவிட்டு நான் அழவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டது.

இன்னும் நாலு மாதத்தில் நீங்கள் வந்து சேரலாம். அதற்குள் வீடு பார்க்க வேண்டும். இந்த ஒற்றை அறையில், வீட்டுக்காரம்மாவோடு சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்டு மூன்று பேர் இருக்க முடியாது. நகரத்துக்குள் வாடகை நமக்கு எட்டாது. புறநகர்தான் கதி.

எந்தப் பேட்டை நல்லது என்று கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. பரிசோதனை நிலையத்துக்கு வர முடியாதவர்களின் வீடு தேடிப் போய் ரத்தம் எடுப்பதுதானே என் வேலை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு கை. வீட்டுத் தரகர் முன்கூடத்தைத்தான் காட்டுவார். நான் படுக்கையறைவரை போகிறேன். அதுவும் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் காத்திருக்கிற மனிதர்களைப் பார்க்கிறேன். பசியோடு இருக்கிறவனுக்கு நடிக்கத் தெம்பு இருக்காது.

முதலாவது, ரயில் நிலையத்தை ஒட்டிய பேட்டை. எல்லாம் நாலு மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒன்றோ இரண்டோ சைக்கிள், பூட்டாமல் கிடக்கும். காலையில் நான் படியேறும்போது எதிரே பள்ளிக்கூடப் பட்டாளம் ஒன்று தடதடவென்று இறங்கி வரும். போன வாரம் என் பெட்டியை இடித்துவிட்டு, 'ஸாரி ஆன்ட்டி' என்று கீழ் மாடியிலிருந்து கத்திவிட்டுப் போனது ஒன்று. குப்பிகள் தப்பியது பெரும்பாடு. நம் வாண்டு அந்தப் படிக்கட்டில் நசுங்கிவிடுவாள். வேண்டாம்.

இரண்டாவது, மேட்டுப் பேட்டை. பெரிய பெரிய வீடு, கழுவிவிட்ட மாதிரி தெரு. ஆனால் தெருவில் நடமாடுகிற ஒரே ஜீவன் நான்தான். அங்கே ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். பதினெட்டு வருஷமாக இருக்கிறாராம், பார்த்ததில்லையாம். அங்கே போனால் வாண்டு யாரோடு விளையாடுவாள், தபால் பெட்டியோடா?

மூன்றாவதுதான் நம்முடையது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்கு வாரா வாரம் கை நீட்டுகிறவர். சர்க்கரைக்காரர். முப்பது வருஷம் இந்தத் தெருக்களில் அலைந்த கால் அவருடையது. சின்னப் பிள்ளைக்கு ஏற்ற பேட்டை எது என்று அவரைக் கேட்டேன். 'சின்னப் புள்ளைன்னா யோசிக்கவே வேணாம்மா, பூங்காப் பக்கம் போ' என்றார். போனேன். நடுவில் பூங்கா, சுற்றி வீடுகள். மணல் தொட்டி இருக்கிறது. குழந்தை விழாமல் இருக்க முன்னால் சங்கிலி போட்ட ஊஞ்சல் இருக்கிறது. வேலிக் கதவின் தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்குத்தான் எட்டும். பக்கத்திலேயே பாலர் பள்ளி. நூலகத்தில் முழங்கால் உயர நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்கத்தான் சிரமமாகிவிட்டது.

வீடு தரைத் தளம், இரண்டு அறை. வெளிச்சமான அறையில் உங்கள் மெஷினைப் போடலாம். மற்றதில் நாம் மூவரும் படுத்துக்கொள்ளலாம், வாண்டு நடுவில். பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றால் ஜன்னல் வழியாக ஊஞ்சல் தெரிகிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறும் அவள் தொலைபேசியில் பேசவில்லை. இரண்டு தடவை 'ம்' என்றாள், அவ்வளவுதான். நீங்கள் பின்னாலிருந்து 'பேசும்மா, பேசு' என்று தள்ளியது எனக்குக் கேட்டது. தள்ளாதீர்கள். வந்து இறங்குகிற அன்று அவள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு 'யாரு இந்தப் பொம்பளை' என்று பார்ப்பாளோ என்பதுதான் என் பயம். அதனால்தான் வீட்டை இப்படிச் சல்லடை போட்டுத் தேடுகிறேன். வீடு பிடித்துப்போனால் அம்மாவையும் சேர்த்துப் பிடித்துவிடாதா?

நீங்கள் இறங்கும்போது நல்ல குளிராக இருக்கும். அவளுக்கு ஒரு கோட்டு வாங்கி விமான நிலையத்துக்கே கொண்டுவரப் போகிறேன். தலைக்குப் போடுகிற குல்லாயில் இரண்டு முயல் காது வைத்த கோட்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அளவு எடுத்து எழுதி அனுப்புங்கள். ஊருக்கெல்லாம் தைக்கிறவர் சொந்தப் பிள்ளைக்கு அளவு எடுக்கச் சோம்பல்படக் கூடாது.

வாண்டுக்கு முத்தம்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா

*

பதினெட்டாம் தேதி

வாண்டின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்ததில் சந்தோஷம்.

மூன்று பேட்டையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் 'உன் இஷ்டம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதும் இதே பதில்தான் சொன்னீர்கள், நான் மறக்கவில்லை. ஊஞ்சல் பற்றி எழுதியதை வாண்டுக்குப் படித்துக் காட்டியதாகவும் அவள் சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைத்தான் பத்து தடவை படித்தேன். சிரித்தாள் என்றால் பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான்.

ஆனால் உங்கள் கவனத்தை என்னவென்று சொல்வது! கோட்டுக் கடைக்குப் போய், விற்கிற பெண் எதிரிலேயே உங்கள் அளவுச் சீட்டைப் பிரிக்கிறேன்: உயரம் 53 இஞ்சு, மார்பு 26, கை 19. யாரோ வாடிக்கைக்காரரின் சீட்டை மாற்றி வைத்துவிட்டீர்கள். உங்களுக்கு ஆறு வருஷம் காஜா எடுத்துக் கொடுத்தவள் நான், அளவைப் பார்த்தால் ஆள் தெரியாதா எனக்கு? இது அந்தக் கணக்கு டீச்சரின் பெரிய பெண்ணுடையதாக இருக்கும். வெட்டுவதற்கு முன் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் டீச்சர் வீட்டுப் பெண் நம் வாண்டின் அளவில் சீருடை போட்டுக்கொண்டு கைமுட்டி தெரியப் பள்ளிக்கூடம் போவாள்.

பரவாயில்லை. என் பிள்ளைக்கு எனக்குச் சீட்டு எதற்கு? கண் அளவிலேயே வாங்கிவிட்டேன். கொஞ்சம் தாராளமாகவே எடுத்தேன், வளர்கிற பிள்ளை. முயல் காது பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. வீட்டுக்காரம்மா கூட வாங்கித் தடவிப் பார்த்தார். என் அறையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் தேதியில் மாற்றமில்லை. மெஷினை அங்கிருந்து கொண்டுவர வேண்டாம், தலைப்பாகத்தை மட்டும் துணி சுற்றி எடுத்து வாருங்கள் என்று இங்கே தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். யோசித்து எழுதவும்.

இப்படிக்கு,
வாண்டின் அம்மா

*

இரண்டாம் தேதி

அன்புள்ள உங்களுக்கு,

'சீட்டு மாறவில்லை, மூன்று தரம் அளந்தேன். மூன்றாவது தரம் அவளே நாடாவைப் பிடுங்கித் தன்னை அளந்துகொண்டாள்' என்று எழுதியிருந்தீர்கள். அதைக் காலையில் பேருந்துக்கு நிற்கும்போது படித்தேன். இரண்டு பேருந்து போனது தெரியவில்லை.

நான் அசடு இல்லை. அவளுக்கு ஒன்பது வயது என்று எனக்குத் தெரியும். அனுமதிப் படிவத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால், நான் கிளம்பின அன்று உங்கள் இடுப்பில் உட்கார்ந்து ஒரு செருப்பு இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தாளே, அவள்தான் வருகிறாள். அனுமதிக்காக எடுத்த படத்திலும் கழுத்துக்கு மேலேதானே தெரிகிறது. முகம் அவ்வளவாக மாறவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்த முகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

வேலையிலிருந்து வந்ததும், ஊரிலிருந்து கிளம்பும்போது நீங்கள் என் பெட்டியில் போட்டு அனுப்பிய பழைய அளவு நாடாவைத் தேடி எடுத்தேன். சமையலறைக் கதவோரம் சரியாக 53க்கு, ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பட்டை ஒன்றை ஒட்டினேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மோவாய்க்கு வருகிறாள். வீட்டுக்காரம்மா வந்து அது என்னவென்று கேட்டார். என் மகள் என்றேன். அப்புறம் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. பாவம், அவர் அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு நின்றார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம். நாலரை வருஷமாக அவள் கவுனுக்கு உள்மடிப்பைப் பிரித்துப் பிரித்து இறக்கியிருப்பீர்கள். பிரிக்க மடிப்பு தீர்ந்ததும் புதிது தைத்திருப்பீர்கள். ஒரு தடவையாவது, இன்றைக்கு ஒரு இஞ்சு இறக்கினேன் என்று எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அங்கே உட்கார்ந்து அழுவாய் என்று நினைத்ததாகச் சொல்கிறீர்கள். அழுதிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக அழுதிருப்பேன். இப்போது மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது. கோபம் இதோடு முடிந்தது, இருமலுக்கு மருந்தை விடாதீர்கள்.

கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே விற்கிற பெண். என்ன குறை என்று கேட்டாள். ஒரு குறையும் இல்லை, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்றேன். அவள் ரசீதைப் பார்த்துவிட்டு, 'ரெண்டு வாரத்துலயா?' என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? உங்கள் சீட்டைக் கொடுத்து, கருநீலத்தில் காது இல்லாத ஒன்று வாங்கியிருக்கிறேன். கை மட்டும் ஒரு இஞ்சு கூட இருக்கிறது. நீங்கள் வந்து பிடித்துக் கொடுங்கள்.

பூங்காப் பேட்டை வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மறுபடி போய் ஊஞ்சலைப் பார்த்தேன். அந்தச் சங்கிலிக்குள் அவளுடைய ஒரு கால்கூட நுழையாது. நான் எழுதியதைக் கேட்டு அவள் ஏன் சிரித்தாள் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. தபால்காரரிடம் போய், ஐயா, பிள்ளைக்கு ஒன்பது வயது என்று ஒப்புக்கொண்டேன். 'அதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா' என்று சலித்துக்கொண்டே கையை நீட்டினார். ரயில் நிலையப் பேட்டைதான் என்றார். பள்ளிக்கூடம் ஏழு நிமிஷ நடை, நடுவில் பெரிய சாலை இல்லை. நீச்சல் குளம் இருக்கிறது. படிக்கட்டில் என்னை இடித்துத் தள்ளிய பட்டாளம் இருக்கிறதே, அதற்கெல்லாம் ஒன்பது, பத்து வயதுதான். நேற்று அதே படியில் ஓரமாக ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் மோவாய்க்கு வருகிறது. நசுங்க மாட்டாள், இடித்துத் தள்ளுவாள்.

கீழே சலவைக் கடைக்காரர், துணி திருத்திக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே உங்களுக்கு மேசை போட இடம் தருவார். ஆகவே உங்கள் மெஷின் வீட்டுக்குள் ஒரு அறையை அடைக்காது.

இதை அவள் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்த விஷயத்துக்காகச் சொல்கிறேன். அவள் கையெழுத்து உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது. 'ஊஞ்சல் வேண்டாம். கதவு வைத்த தனி அறை வேண்டும். என்னை வாண்டு என்று கூப்பிட வேண்டாம்.' மூன்று வரி. நாலரை வருஷத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் மூன்று விஷயம். மூன்றையும் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது மாடி வீடு. அவள் அறை கிழக்கே பார்த்தது. கட்டிலும் மேசையும் போட்டால் நடக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும். கதவு நல்ல மரம், இழுத்துச் சாத்திப் பார்த்தேன், வெளிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்தான். நாளை மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன்.

தட்டாமல் உள்ளே வர மாட்டேன் என்று அம்மா சொன்னதாகச் சொல்லுங்கள். நீங்கள் மகள் சொல்லைக் கேட்பீர்கள், அவள் உங்கள் சொல்லைக் கேட்பாள். அதனால் உங்கள் வழியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்து சேர்ந்த முதல் ஒரு வாரம் மட்டும், ஒரே ஒரு வாரம், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் உள்ளே வர மாட்டேன். வெளியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா