பெய்லிக்குத் தொப்பி

மே 12

ஒயின் தொட்டி கழுவினேன். நல்ல வெயில். மாலையில் அண்ணன் மொரிஹிகோ டோக்கியோவிலிருந்து முகம் தொங்கிப்போய்த் திரும்பினான். ஒரு பெரிய ஓட்டலுக்கு ஒயின் வாங்கும் ஆளிடம் நம் சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்தானாம். அந்த மகானுபாவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மிட்டாய்க் கடை வாசனை அடிக்கிறது என்று சிரித்தாராம்.

சாப்பிட உட்கார்ந்ததுமே முடிவைச் சொல்லிவிட்டான். இந்த அறுவடை முடிந்ததும் மேட்டுத் தோட்டத்து மஸ்கட் பெய்லி திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, பிரான்ஸ்காரன் திராட்சை மெர்லோவை நடப்போகிறானாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒயின் போடுவது நான். ஆனால் நிலம் அவன் பேரில் இருக்கிறது.

மிட்டாய் வாசனை. ஆமாம், அடிக்கிறது. அதனால் என்ன?

மே 13

கோபம் ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுமா?

நம் பெய்லியைக் கிளாஸில் ஊற்றினால் மறுபக்கம் என் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிய சிவப்பு. முகர்ந்தால் சர்க்கரையில் கொதிக்கும் ஸ்ட்ராபெரி. கொஞ்சம் பொறுத்தால் ஈர மண். வாயில் விட்டால் நாக்கைச் சுருட்டிப் பிடிக்காது. துவர்ப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். போகிற போக்கில் ஒரு சின்னப் புளிப்பு, அவ்வளவுதான். சோயாவும் சர்க்கரையும் தடவிச் சுட்ட எதனோடும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஓட்டல்காரர் தன் கறுப்பு ஒயினை விலாங்கு மீனோடு குடித்துப் பார்க்கட்டுமே. இரும்பை நக்கிய மாதிரி இருக்கும்.

கொடி மட்டும் என்ன, சாதாரணமா? இந்த ஊர் மழையைத் தாங்கட்டும் என்றே இந்த நாட்டில் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய திராட்சை. தன் வாசனையோடு பிறந்திருக்கிறது. அதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மே 14

அண்ணனிடம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. அண்ணி நத்சுயேதான் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் ஊறுகாய்த் தட்டை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 3

பீப்பாய் ஒயினைப் பாட்டிலில் அடைத்தோம். போன வருஷத்துப் பெய்லியில் பாதியை, அண்ணன் ஒற்றைக் காலில் நின்றதால், புது ஓக் பீப்பாயில் போட்டிருந்தேன். மர வாசனை ஏறினால் மிட்டாய் அடங்கிவிடும் என்பது அவன் கணக்கு. அடங்கித்தான் இருக்கிறது. குழந்தைக்குக் கோட்டு சூட்டு மாட்டி உட்கார வைத்த மாதிரி.

மீதிப் பாதி பீப்பாய் பார்க்காமல் தொட்டியிலேயே இருந்தது. அதைத் தொட்டால் தெருவைக் கூட்டிவிடுவேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தேன். இன்று அதை நான் பெரிய பாட்டில்களில் அடைத்தேன், அரிசி மது சாக்கே வாங்குவோமே, அந்தப் பாட்டிலில். அண்ணனுக்கு அந்தப் பாட்டிலைக் கண்டாலே ஆகாது.

ஜூன் 27

கோழிச் சாப்பாட்டுக் கடையில் இந்த மாத முஜின், சீட்டுப் பணம் கட்டிவிட்டுச் சேர்ந்து சாப்பிடும் கூட்டம். வழக்கம்போலத் தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் பீப்பாய் ஒயினும் உயரமான கிளாஸ்களும் கொண்டுவந்து, இடது கையால் பார்த்துப் பார்த்து ஊற்றினான். எல்லாரும் மரியாதையாக ஒரு வாய் குடித்தார்கள். ஆழமாக இருக்கிறது என்றார் ஒருவர். லேசில் பிடிபடாத ஒயின் என்று இன்னொருவர், அதுவும் பாராட்டுப் போலத்தான்.

அப்புறம் கோழி ஈரலும் குடலும் சோயாவில் வற்றவைத்து, பளபளவென்று வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என் பெரிய பாட்டிலை மேஜைக்கு நடுவில் வைத்தேன். கடைக்காரம்மா கேட்காமலே டீக்கோப்பைகளைக் கொண்டுவந்து அடுக்கினாள். பிறகு யாருக்கும் அந்த உயரமான கிளாஸ் ஞாபகமே வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ஹோசாகா மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா.

"மொரி, உன்னுது நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா சாப்பாட்டோட சண்டைக்கு நிக்குது. உன் தங்கச்சியோடது பக்கத்துல உக்காந்து சாப்பிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அண்ணன் எழுந்து போய்விட்டான். பின்னாலேயே போனேன். கார் பக்கத்தில் நின்றான்.

"நாலு பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்தணும், அதானே உனக்கு?"

"நான் பாட்டிலத்தாண்ணா வெச்சேன்."

"இவங்க எதை ஊத்தினாலும் குடிப்பாங்க, சிசுரு. இவங்க சொல்றதெல்லாம் ஒரு பேச்சா?"

"அப்ப நாம யாருக்குண்ணா ஒயின் போடறோம்?"

அண்ணன் காரை எடுத்தான். நான் நடந்தே வந்தேன். சிரித்தது தப்போ? சரி, தப்புத்தான். பாட்டிலை வைத்தது தப்பில்லை.

ஜூலை 2

விடாத மழை. கொத்துகளுக்குக் காகிதத் தொப்பி போடும் வேலை தொடங்கிவிட்டது. அண்ணன் ஆட்களிடம் கீழ்த் தோட்டத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டான். பிடுங்கப்போகிற கொடிக்குத் தொப்பி எதற்கு என்கிறான்.

தொப்பி இல்லாவிட்டால் இந்த மழையில் பெய்லிகூட அழுகும். கடைசி அறுவடை அழுகிப்போனால் பார், பெய்லி இவ்வளவுதான் என்று ஆகிவிடும். அதுதானே வேண்டும் அவனுக்கு? நடக்காது. நானே போடுகிறேன்.

ஜூலை 5

பந்தலுக்கடியில் அண்ணாந்தபடி நாள் முழுக்க. ஒவ்வொரு கொத்தாகப் பிடித்து, மெழுகுக் காகிதத்தைக் காம்பைச் சுற்றி மடித்து, வலப்பக்கம் ஒரு ஸ்டேப்ளர் பின். சட்டைக் கைக்குள் தண்ணீர் இறங்கி இடுப்புவரை போகிறது. ஹோசாகா மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சாகப்போகிற கொடிக்கு மாப்பிள்ளை அலங்காரமா என்றார். ஆமாம், கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

ஜூலை 8

பாதிகூட முடியவில்லை.

ஜூலை 10

கழுத்து பிடித்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியவில்லை, கையைத் தூக்கினால் உயிர் போகிறது. அண்ணி மருந்துப் பட்டை ஒட்டிவிட்டு, அசையக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போனாள். மழை கொட்டுகிறது. மேலே ஒன்பது வரிசை வெறுந்தலையாக நிற்கிறது. அழுதேன். யாருக்கும் தெரியாது. போதும், இனி அழ மாட்டேன்.

ஜூலை 11

அண்ணன் எட்டிப் பார்த்தான். கழுத்து எப்படி இருக்கிறது என்றான். இருக்கிறது என்றேன். நின்றான். போய்விட்டான்.

ஜூலை 14

மழை கொஞ்சம் விட்டது. அண்ணிக்குத் தெரியாமல் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினேன். அழுகல் எவ்வளவு என்று பார்த்துவிடலாம், தெரியாமல் படுத்துக் கிடப்பதைவிட அது மேல்.

ஒன்பது வரிசையிலும் தொப்பி! கடைசிக் கொத்துவரைக்கும்.

ஆட்களை அனுப்பினானா என்று ஒரு காம்பைப் பிடித்துப் பார்த்தேன். ஸ்டேப்ளர் பின் இடப்பக்கம் குத்தியிருந்தது. அடுத்ததும் இடப்பக்கம். வரிசை முழுக்க இடப்பக்கம். எங்கள் தோட்டத்தில் இடதுகைக்காரன் ஒருத்தன்தான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். டீக்கோப்பையில் பெய்லி ஊற்றி அவன் பக்கம் தள்ளினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ போட்ட தொப்பியெல்லாம் லூசா இருக்கு. அடுத்த வருஷமாவது இறுக்கிக் குத்து."

அண்ணி ஊறுகாய்த் தட்டை நகர்த்தப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டாள். நான் குனிந்து சாதத்தைச் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷமாம். லூசாம். நானா லூசாகக் குத்துவேன்? காலையில் போய்ப் பார்க்கிறேன்.