என் காறலுக்குக் கைதட்டல்

மார்ச் 4
முதியோர் எழுத்தறிவு வகுப்பு முடிந்து வந்தேன். மகளின் முதல் ஆல்பம் இன்று வெளியாகிவிட்டது. அட்டையில் அவள் பெயரை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். இந்த வயதில் இப்படி ஒரு சுகம்.

மார்ச் 5
மூன்றாவது பாட்டு. அவள் பாடுகிறாள், தாளம் நிற்கிறது, உடனே ‘க்கர்ர்ர்—த்தூ’. அது நான். காலையில் பல் தேய்த்துவிட்டுக் காறித் துப்புகிற சத்தம். சாப்பாடு இறங்கவில்லை.

மகளிடம் கேட்டேன். “மாதிரிக்கு வீட்ல பாடுனதுப்பா. பாத்ரூம் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே என் ரூம். ஸ்டுடியோவுல மறுபடி பாடினேன், அந்த உயிர் வரல. தாடி இதையே வெச்சுக்கலாம்னுட்டார்.”

தாடி என்பவர் ஒலிப்பதிவு செய்தவர்.

“வெட்டி எடுக்க முடியாதா?”

“வெட்டினா பாட்டுல பள்ளம் விழுதாம்.”

என் சளிக்கு அப்படி ஒரு மரியாதை.

மார்ச் 9
எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். ஜனங்கள் அதைப் பற்றி எழுதுவதையெல்லாம் செல்போனில் நானே வாசிக்கிறேன். ‘தாத்தாவின் காறல்தான் பாட்டுக்கே அழகு’ என்கிறார் ஒருவர். பத்திரிகை விமர்சகர் ‘ஒரு தலைமுறையின் அறச்சீற்றம்’ என்கிறார். கடைசிச் சொல்லுக்கு வீட்டுக்காரியிடம் அர்த்தம் கேட்டேன்.

“உங்க சளிக்குப் பேர் வெச்சிருக்காங்க” என்றாள்.

இதற்காகவா படிக்கக் கற்றேன்? சீ. ஆனாலும் தட்டுத் தடுமாறாமல் வாசித்தேன்.

மார்ச் 10
அந்தத் தாத்தா நான்தான் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் என்னைப் பார்த்துக் காறினான். காறிவிட்டுக் கும்பிடு வேறு.

மார்ச் 15
தாடி வந்தார். “ஐயா, கச்சேரியில மேடையேறி, ஒரே ஒரு தடவை...”

“எதுக்கு?”

“அதுக்குத்தான்.”

கதவைக் காட்டினேன். மகள் முகம் சுண்டிப்போனது. “எனக்கு இது முதல் மேடைப்பா. நீங்க வரலன்னா அந்தப் பாட்டு எடுபடாது.”

“பாடறது நீயா, நானா?”

எழுந்து போய்விட்டாள். ஏன் அப்படிக் கேட்டேன்?

மார்ச் 16
வாயை மூடிக்கொண்டு பல் தேய்த்தேன்.

மார்ச் 22
கச்சேரி. எனக்குப் பதிலாக ஒரு நாடக நடிகரைப் பிடித்திருந்தார்கள். பனியன், துண்டு, ஒட்டு மீசை — எனக்கு மீசையே கிடையாது. தாளம் நின்றது. அவர் இருமினார். வெறும் இருமல். அடிவயிற்றிலிருந்து ஒன்றும் கிளம்பவில்லை. கூட்டம் சிரித்தது, சீழ்க்கை அடித்தது. மகள் அடுத்த வரியைத் தவறவிட்டு, மைக்கைப் பிடித்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

அருவருப்பாக இருந்தது. யார்மேல்? அந்த மீசைக்காரன்மேலா, என்மேலா?

“வாயை மூடிக்கிட்டு உக்கார நல்ல நாள் பாத்தீங்க” என்றாள் வீட்டுக்காரி.

மார்ச் 29
ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. மாலையில் அடுத்த ஊரில் கச்சேரி. வெந்நீர் வேண்டும், விளக்கை என் வாய்க்கு நேரே காட்டக் கூடாது என்று தாடியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அசிங்கம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மகள் எதிரே படுத்திருக்கிறாள். அவள் தூக்கம் கெடாமல் மெதுவாகத் தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் நீளமாப்பா.”