வலையின் நடுவில் சிலந்தி

பிப்ரவரி 4

"நேராப் பாத்தா மறைஞ்சிடுது, ஓரமாப் பாத்தா தெரியுது. தப்பு நட்சத்திரத்து மேலயா, கண்ணு மேலயா டீச்சர்?"

எப்போதோ பள்ளிக்கூட மொட்டை மாடியில் ஒரு மாணவி கேட்ட கேள்வி. இன்று சாயங்காலம் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைப் படம் எடுக்கத் தோட்டத்தில் நின்றபோது நினைவுக்கு வந்தது. "யார் மேலயும் இல்லம்மா, கண்ணோட அமைப்பு அப்படி" என்று சொன்னேன். கண்ணின் நடுப்பகுதி எழுத்துப் படிப்பதில் கெட்டி, ஆனால் மங்கிய வெளிச்சம் அதற்குப் பிடிபடாது. வகுப்பில் முதல் பெஞ்சுக்குப் பாடம் தெரியும். வெளியே யார் வருகிறார்கள் என்பது ஜன்னலோரப் பெஞ்சுக்குத்தான் தெரியும். அந்த மாதிரி. நானும் இத்தனை வருஷமாக வானத்தை ஓரக்கண்ணால் பார்த்தே பழகிவிட்டேன்.

படம் சுமார்தான். விண்மீன்கள் புள்ளியாக விழாமல் பஞ்சாக விழுந்திருக்கின்றன.

கேமரா ஸ்டாண்டுக்கும் செம்பருத்திக்கும் இடையில் ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கிறது. கலைக்க மனம் வரவில்லை. ஸ்டாண்டை அங்கேயே விட்டுவிட்டு கேமராவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். "உன் ஸ்டாண்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாச்சு டீச்சர்" என்றார் இவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சர்தான்.

பிப்ரவரி 8

மதில் மேல் மணல் பை போட்டு, அதன் மேல் கேமராவை வைத்து எடுத்தேன். மறுபடியும் பஞ்சு. லென்ஸில்தான் ஏதோ கோளாறு.

பிப்ரவரி 11

கோளாறு உறுதி. பகலில் கேமராவின் வியூஃபைண்டர் வழியாக வாசல் கேட்டைப் பார்த்தேன். கம்பிகள் நடுவில் இடுப்பு ஒடிந்த மாதிரி வளைந்து தெரிகின்றன. தண்ணீர் டம்ளரில் பென்சிலைப் போட்டு "உடைஞ்சுதா, உடையலையா?" என்று பிள்ளைகளைக் கேட்பேனே, அது போல. லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி நகர்ந்திருக்க வேண்டும். ரிப்பேர்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடை வாசலில் ஒரு படியைத் தவறவிட்டேன். விழவில்லை.

பிப்ரவரி 16

ரிப்பேர்க்காரர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல ஒண்ணுமே இல்லம்மா. நான் எடுத்த படத்தைப் பாருங்க, எதிர்க்கடை ஷட்டர் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு." பார்த்தேன். இருந்தது. அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கண்ணு காட்டி எவ்வளவு நாளாச்சும்மா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. லென்ஸைப் பார்க்கச் சொன்னால் என் கண்ணைப் பார்க்கிறாரே!

பிப்ரவரி 17

காலையில் லென்ஸைச் சோதித்துவிடலாம் என்று வியூஃபைண்டர் வழியாகச் சிலந்தி வலையைப் பார்த்தேன். ஓரத்து இழைகள், பனித்துளி எல்லாம் துல்லியம். நடுவில் ஒன்றுமே இல்லை. வலையில் ஓட்டை விழுந்த மாதிரி.

"குடியிருந்தவ காலி பண்ணிட்டுப் போயிட்டா போலிருக்கு" என்றேன்.

"எங்க போனா? நடுவுலதான் தலைகீழாத் தொங்குறா, குண்டா, உன் தங்கச்சி மாதிரி!"

கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தேன். இருந்தது. இடது கண்ணைக் கையால் மூடினேன். சிலந்தி இல்லை. கையை மாற்றினேன். இருந்தது. திரும்பவும் மாற்றினேன்.

இல்லை.

கேமரா மணல் பை மேல் கிடந்தது. லென்ஸ் இல்லாமல், எதுவுமே இல்லாமல், வெறும் கண்ணுக்கு —

"தெரியுதா?" என்றார். "ஆமா, தெரியுது" என்றேன்.

பிப்ரவரி 18

சொல்லவில்லை.

பிப்ரவரி 19

பெரியம்மாவின் வீட்டுச் சுவர் ஞாபகம் வருகிறது. கடைசிக் காலத்தில், பார்வை போன பிறகு, படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும் அவள் கை தடவித் தடவி, சுவரில் ஒரு அழுக்குப் பட்டை விழுந்திருந்தது. வெள்ளையடித்தாலும் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

மத்தியானம் இவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? இரண்டு காதும் இருந்தன, கொஞ்சம் நரைமுடி இருந்தது. இடையில் முகம் இல்லை. ஸ்லேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழித்த மாதிரி ஒரு சாம்பல் திட்டு.

எனக்கு பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. இன்னொரு கண்ணுக்கும் வந்துட்டா? டாக்டர்கிட்ட போனா இதுக்கு ஒரு பேர் வச்சிடுவாங்க. போகலைன்னா பேர் இல்லாம இருக்கும். இது என்ன கணக்கு? ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பேன்?

சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் நடந்து பார்த்தேன். அடுப்பு மேடையின் முனை இடுப்பில் இடித்தது. "என்ன சத்தம்?" என்றார் ஹாலிலிருந்து. "ஒண்ணுமில்ல, பூனை" என்றேன். இந்த வீட்டில் பூனையே கிடையாது.

பிப்ரவரி 21

பிடிபட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினேன். மகள் துணி எடுக்க எழுந்தாள். இவர் எழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாழ்க்கை பூரா கண்ணாடியைப் பாத்துத்தான் வண்டி ஓட்டினேன் டீச்சர். பின்னாடி எவன் தூங்குறான், எவன் திருட்டு முழி முழிக்கிறான்னு எனக்குத் தெரியும். நாலு நாளா ஒரு கண்ணை மூடிட்டு என்னையே பாக்குறியே. இந்த வயசுல கண்ணடிக்கிறாளேன்னு நானும் சந்தோஷமா இருந்தேன். அது இல்லைல்ல?"

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்: கேட், சிலந்தி, அவர் முகம்.

"என் முகம் போனா நஷ்டமில்ல" என்றார். டம்ளரை எடுத்துத் தண்ணீரை அவரே ஊற்றி வைத்தார். மகள் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இத்தனை நாள் ஏம்மா சொல்லல? நாளைக்கே போறோம். நான் லீவு போடுறேன். நீ பேசாத."

பிப்ரவரி 22

கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்து, நடுவில் உள்ள புள்ளியைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இடது கண்ணுக்குக் கட்டம் கட்டமாக இருந்தது. வலது கண்ணுக்குப் புள்ளியே இல்லை; கோடுகள் எல்லாம் அது இருந்த இடத்தை நோக்கிச் சரிந்தன.

"படிக்கும்போது கூடவா தெரியல?"

"இடது கண்ணு பாத்துக்குச்சு போல. வலது கண்ணால தனியா, கேமரா வழியா, வானத்தை மட்டும்தான் பாப்பேன். அதையும் நேராப் பாக்க மாட்டேன் டாக்டர், ஓரமாத்தான்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பழக்கம்தான் இதை மூடி வச்சிருக்கும்மா. நடுவுல தெரியலைங்கறதை நீங்க சகஜம்னு எடுத்துக்கிட்டீங்க."

விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறதாம். கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் நிறுத்துவதற்கும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பெரியம்மாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

கண்ணுக்குள். ஊசி. எழுதிப் பார்த்தாலும் பழகவில்லை.

பிப்ரவரி 25

போட்டாயிற்று. சொட்டு மருந்தில் கண் மரத்துப்போயிருந்தது. "மேல பாருங்க" என்றார்கள். எந்த மேலே? விளக்குத்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கார்த்திகையை ஒவ்வொரு விண்மீனாக மனதுக்குள் வரைந்தேன். முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தால் இவர் வியர்த்து நனைந்திருக்கிறார், ஊசி அவருக்குப் போட்ட மாதிரி.

மார்ச் 9

ஒன்றும் மாறவில்லை. தினமும் கேட் கம்பியைப் பார்க்கிறேன். பார்க்கப் பயம். பார்க்காமல் இருக்க அதைவிடப் பயம்.

மார்ச் 27

இரண்டாவது ஊசி. அழுக்குப் பட்டை கனவில் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில்.

ஏப்ரல் 12

கார்த்திகை மேற்கே இறங்கிவிட்டது; இந்த வருஷத்துக்கு இனி அதிகம் கிடைக்காது. இருட்டியதும் இவரும் நானுமாகக் கேமராவை மதில் மேல் வைத்தோம். ஃபோகஸ் இப்போது அவர் கையில். "இன்னும் கொஞ்சம்... போதும் போதும், திரும்ப வாங்க" என்று நான் சொல்ல, "ரிவர்ஸ்லயா?" என்கிறார். விண்மீன்கள் புள்ளி புள்ளியாக விழுந்தன. ஓரத்தில் அவர் கட்டை விரலும் விழுந்திருக்கிறது. அழிக்கப் போவதில்லை.

காலையில் நடந்ததை எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுதப் பயந்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு செம்பருத்திப் பக்கம் போனேன். பழைய வலைதானா, புதுக் குடித்தனமா, தெரியாது. இழைகள் நடுவில் இன்னும் கோணல்தான். ஆனால் அங்கே மங்கலாக, மை ஊறிய மாதிரி ஒரு கறுப்பு. கால்கள் தெரியவில்லை. ஊதினேன். அசைந்தது.

மகளே, இந்த நோட்டை நீ எனக்குத் தெரியாமல் படிப்பது எனக்குத் தெரியும். நான்தான் நேராகப் பார்க்காதே என்று உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். அது வானத்துக்கு மட்டும். வாரத்துக்கு ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியை நேராகப் பார். அப்புறம் கையை மாற்று.