ஏற்காட்டு ஏலத்தில் எடுத்த முப்பது வருஷ ஸ்காட்ச்

மார்ச் 6, 1983. ஞாயிறு.

இப்போதே மண்டையைப் பிளக்கும் வெயில். ஏற்காடு ஏறியதும் நல்ல காற்று. எஸ்டேட் பங்களாவில் ஏலம். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சாமான்கள்: நாற்காலி, பியானோ, மான் தலை, ஓட்டை விழுந்த மழைக்கோட்டு. மழைக்கோட்டுக்கும் நாலு பேர் போட்டி. துரை போட்டதாம்.

எனக்கு வேண்டியது மூலையில். ஒரே மாதிரி இரண்டு பாட்டில். சிங்கிள் மால்ட். ஒரே ஆலையில் வடித்து முப்பது வருஷம் பீப்பாயில் கிடந்த சரக்கு. மெழுகு முத்திரை முழுசு.

சேலம் வக்கீலும் வந்திருந்தார். இந்தப் பக்கம் பழைய ஸ்காட்ச் சேர்ப்பது அவரும் நானும்தான். அவர் ரசிகராம். நான் லாரிக்கு பாடி கட்டுகிறவனாம். ஏலத்துக்கு வந்த மில்காரர்கள் காதில் விழும்படி கேட்டார்:

"என்ன கவுண்டரே, லேபிள் படிச்சுச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. சேஸிஸ் பாத்தே வண்டி வயசு சொல்றவன் நான்."

முதல் பாட்டில் எனக்கு. இரண்டாவதன் விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டேன். வக்கீல் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எடுத்தார். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டில் என் மடியில். டிரைவர் சிரித்தான். சிரிக்கட்டும்.

மார்ச் 8. செவ்வாய்.

பெயிண்டர் வரவில்லை. உடம்பு சரியில்லையாம். என்ன உடம்பு என்று எனக்குத் தெரியும்.

பீரோவில் புதுசுக்கு நடு இடம். திறக்கப் போவதில்லை. திறந்துவிட்டால் குடிகாரன் வீட்டுப் பாட்டில்தான்.

சம்சாரம்: "குடிக்கறதுமில்ல, ஒருத்தருக்குக் குடுக்கறதுமில்ல. அப்பறம் எதுக்குங்க இதையப் பூட்டி வெச்சுக்கிட்டு?"

பரணில் எட்டு குத்துவிளக்கு வைத்திருக்கிறாள். நான் கேட்டேனா?

வக்கீல் போன். "படுக்க வெச்சுடாதீங்க கவுண்டரே, கார்க் கெட்டுடும்." எனக்குப் பாடம்.

மார்ச் 14. திங்கள். அமாவாசை.



ஊருக்கெல்லாம் பாடி கட்டிக் கொடுத்தவன், சொந்த லாரி இன்றுதான் முதல் ஓட்டம். முனியப்பனுக்குப் பூஜை. கிடா, சுருட்டு, சாராயம் எல்லாம் மச்சினன் பொறுப்பு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாட்டிக்கொண்டு நான் போய்ச் சேர உச்சிப்பொழுது. கோயிலில் எல்லாம் முடிந்திருந்தது. முனியப்பன் அருவாளுக்கு அடியில் என் பாட்டில். சரக்கில் பாதிக்கு மேல் மண்ணில் ஊற்றியாகிவிட்டது.

மச்சினன் பல்லைக் காட்டினான். "ஊட்டுல சீமைச் சரக்க வெச்சுக்கிட்டு முனியப்பனுக்குப் பட்டைச் சாராயத்த ஊத்துனா வண்டி ஓடுமுங்களா மாமா? அக்காதான் சாவி குடுத்துச்சு."

சாமி முன்னால் அடிக்க முடியாது. அறிவு கெட்ட குடும்பத்தில் பெண் எடுத்தேன்.

மிச்சத்தைப் பூசாரி டம்ளரில் நீட்டினார். பிரசாதம். நாக்கில் வைத்தேன். வேலம்பட்டை. வெல்லம். கலருக்கு டீத்தண்ணி.

பூசாரி என் முகத்தையே பார்த்தார். பக்கத்தில் வந்து மெதுவாக:

"சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது நம்ம மலைச் சரக்குங்க."

"வாயத் தொறக்காதீங்க."

"நான் எதுக்குங்க தொறக்கறேன்? முனியப்பனுக்குப் பழகுன சரக்குதான். சந்தோசமா ஏத்துக்கிச்சு."

மார்ச் 15. செவ்வாய்.

தூக்கமில்லை. காலி பாட்டிலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். மெழுகு புதுசு. சாதாரண மெழுகுவர்த்தி. துரை ஊருக்குப் போன பிறகு பங்களா பட்லர் வருஷக்கணக்காக உட்கார்ந்து குடித்து, ரொப்பி, ஒட்டியிருக்கிறான். கெட்டிக்காரன். அந்த ஏலக் கூட்டத்தில் மூளை இருந்தது அங்கே வராத அவனுக்கு மட்டும்தான்.

நாமக்கல்லில் பழைய லாரி வாங்குகிறவன் என்னைக் கூட்டிப்போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்கமாட்டான். "அண்ணன் சரின்னா சரி." புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒட்டுப்போட்ட சேஸிஸை மோந்து பார்த்தே சொல்வேன் என்று பேர். மெழுகுவர்த்தியில் ஏமாந்தான் என்று வெளியே வந்தால் அந்தப் பேர் அன்றோடு சரி. பட்டறைப் பையன்கூடச் சிரிப்பான்.

மச்சினனைத் திட்டவில்லை. சம்சாரத்தையும். இருவருக்கும் அதனால் பயம். நல்லது.

மார்ச் 17. வியாழன்.

தேக்கு லோடு வந்தது. பாதி பச்சை மரம். திருப்பி அனுப்பினேன்.

ஊரே வேறு கதை பேசுகிறது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டார்கள். "துரை வெச்சிருந்த சரக்க அப்படியே சாமிக்கு ஊத்திப்போட்டாருங்க. எவனுக்கு மனசு வரும்?" மடையர்கள். மறுக்கவில்லை.

மதியம் வக்கீல் நேரிலேயே வந்துவிட்டார். துக்கம் விசாரிக்கிற முகம்.

"முப்பது வருஷ மால்ட்டு கவுண்டரே! மண்ணுலயா ஊத்துனீங்க?"

"சாமிக்குக் கொறைச்சலாக் குடுக்க முடியுமுங்களா?"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்களைத் தப்பாக நினைத்திருந்தேன் என்றார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

போகும்போது: "ஞாயித்துக்கிழம பொண்ணுக்கு நிச்சயம். கோயமுத்தூர் சம்பந்தி பெரிய ரசிகர். என் பாட்டிலத் தொறக்கறேன். மொத மடக்கு நீங்கதான். ருசி தெரிஞ்ச ஒரே ஆள்."

அவருடையதும் அதே பட்லர் கை. அது பட்டை என்றால் என்னதும் பட்டை. சம்பந்தியே சொல்லிவிட்டால்? போகாமலிருக்கலாம். ஆனால் நான் இல்லாத இடத்தில் அதை யாராவது நாக்கில் வைப்பது அதைவிட மோசம்.

மார்ச் 20. ஞாயிறு.

போனேன். பட்டுச் சட்டை, கழுத்து அரிப்பு. சாப்பாடு சுமார்.

சாப்பாட்டுக்கு முன் ஆண்கள் மட்டும் மாடி அறையில். வக்கீல் கையுறை போட்டு மெழுகை உடைத்தார். கையுறை! சம்பந்தி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். முதல் கிளாஸ் எனக்கு. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

வேலம்பட்டை. என்னுடையதைவிடக் காட்டம்.

முழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னேன்: "முப்பது வருசம். நாக்குலயே தெரியுதுங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்குக் கண்டுபிடித்தார்கள். ஒருவருக்குத் தேன். ஒருவருக்குப் புகை. வக்கீலுக்குப் பீப்பாய் மரம். நான்தான் மரத்திலேயே புழங்குகிறவன், எனக்கு அது தெரியவில்லை. கோயமுத்தூர் ரசிகர் நாக்கைச் சப்புக்கொட்டி, இப்படி ஒன்றைச் சீமையிலேயே குடித்ததில்லை என்றார். அது உண்மைதான்.

சம்பந்தி இரண்டாவது கிளாஸ் கேட்டார். நான் மோர் கேட்டேன்.